இருபத்தைந்து மீட்டர்

1

இந்தக் கதை என் முதுகுவலியில் தொடங்கியது. இதைவிடக் கௌரவமான தொடக்கம் ஒன்று கிடைக்குமா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. இருபத்திரண்டு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றதில் இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று இடம் பெயர்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை கிடக்கட்டும் டீச்சர், ரெண்டு மாசம் நீச்சல் அடிங்க" என்றார். அப்படித்தான் போன மே மாதம், நாற்பத்தெட்டு வயதில், நீச்சல் குளத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

காலை ஆறு முதல் ஏழு வரை ஆண்கள். ஏழு முதல் எட்டு குழந்தைகள். எட்டு முதல் ஒன்பது பெண்கள். நான் ஏழே காலுக்கே போய்க் கேலரிப் படியில் உட்கார்ந்துவிடுவேன். [எங்கும் முன்கூட்டியே போவது என் சுபாவம். பஸ்ஸைத் தவறவிட்டதே கிடையாது. வேறு சிலவற்றைத் தவறவிட்டிருக்கிறேன். அதற்கு இந்தக் கதையில் இடமில்லை.] அதே படியில் தினமும் ஒரு பெண் வந்து உட்காருவாள். மடியில் இரண்டு துண்டு, தோளில் ஒரு கைப்பை. இரண்டாம் நாள் பேச ஆரம்பித்தோம். நாலாம் நாள் அவள் என்னை அக்கா என்றாள்.

அவளுக்கு இந்தக் கதையில் சங்கரி என்று பெயர் வைத்திருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கக்கா. பேரை மட்டும் மாத்திருங்க" என்றாள். எல்லோர் பெயரையும் மாற்றினேன். அவளுடைய சின்ன மகள் மட்டும் தன் பெயரை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். ஆகவே நீலாம்பாள் என்கிற நீலா, எட்டு வயது, அந்தப் பெயரிலேயே வருகிறாள்.

2

முதல் தொடக்கம்: தீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் ஓர் ஆற்றைக் கடந்தாக வேண்டும், அந்த ஆறு

நிறுத்திவிட்டேன். கல்யாண வீட்டு மைக்கைப் பிடித்தவர் பேசுகிற வாக்கியம் அது.

இரண்டாவது தொடக்கம்: சங்கரி திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து இறங்கியபோது அவளிடம் இரண்டு மகள்களும், கைப்பையில் இரண்டு படிவங்களும் இருந்தன.

இது உண்மை. இதையே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சங்கரி வேளச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பள்ளி முடிந்ததும் டியூஷன் சென்டர். வீடு திரும்ப ஏழரை ஆகும். அதுவரை வீட்டுச் சாவி மூத்தவள் சுப்ரஜாவிடம் இருக்கும். அவளுக்குப் பதிமூன்று வயது. தங்கையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும், பால் காய்ச்சிக் கொடுப்பதும், வீட்டுப்பாடம் பார்ப்பதும் அவள் பொறுப்பு. போன வருடம் ஒரு சாயங்காலம், இருவரும் சாலையைக் கடக்கும்போது ஒரு ஷேர் ஆட்டோ வேகமாக வந்து நீலாவைத் தட்டிவிட்டுப் போனது. இடது கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கால் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நீலா எந்தச் சாலை ஓரத்திலும் நின்றுவிடுவாள். கையைப் பிடித்து இழுத்தாலும் நகர மாட்டாள். தானே ஒரு நேரம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஓடுவாள். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு சங்கரிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கூட வேலை பார்த்த ஒருத்தி மாலத்தீவில் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போயிருந்தாள். அவள் மூலமாகத்தான் அந்தச் சின்னத் தீவில் இயற்பியலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. நேர்காணல் ஃபோனிலேயே நடந்தது. முடிந்ததும் தலைமையாசிரியை ஃபோனைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து ஊரைக் காட்டினார். வெள்ளை மணல் தெரு, கடற்கரை, சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தால் பதினெட்டு நிமிடம். டீச்சர்களுக்கான வீடு பள்ளிக்கு எதிரிலேயே இருந்தது. சங்கரியின் தோளுக்குப் பின்னாலிருந்து நீலா தலையை நீட்டி, "அங்க ஷேர் ஆட்டோ இருக்கா?" என்று கேட்டாள். சங்கரி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, இல்லை என்றார்.

"அப்போ போலாம்மா" என்றாள் நீலா.

ஆகவே தீவுக்கு முதலில் சம்மதம் சொன்னவள் நீலாதான். இதை இங்கேயே எழுதிவைப்பது நல்லது. பின்னால் எனக்கே மறந்துவிடும்.

பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்கு அப்பா கையெழுத்து வேண்டும். அப்பா பாளையங்கோட்டையில் இருந்தார்.*

* கையெழுத்து இல்லாமலும் வாங்க வழி உண்டு. வேறு ஒரு உறுதிமொழி, விளக்கம், விசாரணை என்று போகும். சங்கரிக்கு அது தெரியும். "அந்த வழியில போனா அவர் எனக்கு எதிராளி ஆயிருவாருக்கா. இப்ப அவர் எதிராளி இல்ல" என்றாள்.

3

ஐயம்பெருமாள் விஷயத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன்.

முதல் வரைவில் அவருக்கு ஒரு முரட்டு மீசை கொடுத்தேன். 'கையெழுத்தா, நான் உசிரோட இருக்கிற வரைக்கும்' என்று ஐயம்பெருமாள் மேசையில் ஓங்கி

அங்கே மேசையே இல்லை. சங்கரியின் சித்தி வீட்டு மாடி, மகாராஜநகரில். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டில். மீசையும் இல்லை. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறார். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பார். சொந்த ஊர் ஏரல். பேச்சு பையத்தான் வரும்.

அவரும் சங்கரியும் பிரிந்து நாலு வருடம் ஆகிறது. கோர்ட்டுக்குப் போகவில்லை. எந்தச் சண்டையால் பிரிந்தோம் என்று கேட்டால் இருவராலும் சொல்ல முடியாது. அவருக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் சென்னையை விட மறுத்தாள். கொஞ்ச நாளைக்கு என்று இரண்டு ஊரில் இருந்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் ரயிலேறிச் சென்னைக்கு வந்து, பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்பிவிடுவார்.

[கணக்கு டீச்சர் என்பதால் அளந்து பார்த்தேன். திருநெல்வேலியிலிருந்து வரைபடத்தில் கோடு போட்டால், மாலத்தீவின் தலைநகர் மாலே சென்னையைவிடச் சில நூறு மைல் தள்ளி இருக்கும் என்று நினைத்தேன். நூறு மைல்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் சனிக்கிழமை ரயில் அங்கே போகாது.]

அன்று மாடியில் ஐயம்பெருமாள் இரண்டு படிவங்களையும் படித்தார். மறுபடியும் படித்தார்.

"எத்தன வருசம்?"

"ரெண்டு வருச ஒப்பந்தம். அப்புறம் வேணும்னா நீட்டிக்கலாம்."

"நீட்டுவ."

கீழே பிள்ளைகள் தெருக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார்.

"நாலு பக்கமும் தண்ணி. இவளுகளுக்கு நீச்சல் தெரியாது. எப்படி அனுப்புவேன்?"

"அங்கன போயி கத்துக்கிடுவாளுக."

"கத்துக்கிடுததுக்கு முன்னாடி ஒண்ணுன்னா?"

சங்கரிக்கும் நீந்தத் தெரியாது.

"பதினஞ்சு நாள் கேம்ப் ஒண்ணு நடக்கு. நானே சேத்து விடுதேன். ரெண்டு பேரும் இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போயிட்டா, அன்னைக்கே கையெழுத்து போட்டுத் தாரேன்."

அந்தக் கரை இருபத்தைந்து மீட்டர் தூரம்.

இது உண்மையான கவலையா, நாள் கடத்துகிற தந்திரமா? சங்கரிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒரு பாத்திரத்தின் மனதை முழுக்கத் தெரிந்துகொள்ளாமல் எழுதக் கூடாது என்று சொல்வார்கள். நான் ஐயம்பெருமாளிடம் மொத்தமே பத்து நிமிடம் பேசியிருக்கிறேன். அவருக்கே அது எதுவென்று தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

இன்னொரு சிக்கல். அவருக்கும் நீச்சல் தெரியாது. ஏரலில், ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு நீச்சல் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? காரணம் வேண்டுமே என்று, அவருடைய அண்ணன் ஒருவன் ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றோடு

இல்லை. யாரும் சாகவில்லை. சின்ன வயதில் அவருக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மற்றப் பிள்ளைகள் ஆற்றில் குதிக்கும்போது அவர் அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருந்தார். அவ்வளவுதான்.

4

கேம்ப் ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது. ஐயம்பெருமாள் பதினைந்து நாளைக்கும் மத்தியான ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தார். காலையில் பிள்ளைகளை பைக்கில் கூட்டி வருவார். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். எட்டு மணிக்கு அவர்களை இட்லிக் கடைக்குக் கூட்டிப்போவார். பிறகு மகாராஜநகர் மாடிக்கு வந்து, ஒரு மணிக்குக் கம்பெனி பஸ் வரும்வரை அவர்களோடு சீட்டோ கேரமோ விளையாடுவார்.

இரண்டாம் நாள் நீலா இட்லியை மென்றுகொண்டே, "அப்பாவை செவ்வாய்க்கிழமைல பாக்குறது இதுதான் ஃபர்ஸ்ட் டைம்" என்றாளாம். சுப்ரஜா வந்து அதை அம்மாவிடம் சொன்னாள். சங்கரி என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அப்போது ஏன் என்று தெரியவில்லை.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள் சந்தனமாரி. இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் விசில். குரல் உயர்த்தவே மாட்டாள். ஆறாம் நாள் சுப்ரஜா மறுகரையைத் தொட்டாள். ஏறி வந்து, குளிரில் பல் கிடுகிடுக்க வேலிக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, ஒண்ணு முடிஞ்சுது" என்றாள். அவர் கம்பிக்குள் விரலை விட்டு அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

அன்றைக்குத்தான் சங்கரி ஒன்றைக் கவனித்தாள். பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கும் முன்பே அவர் தலை நனைந்திருந்தது. காதில் பஞ்சு வைத்திருந்தார். வெளியே வந்தபோது கேட்டாள்.

"தலை ஏன் ஈரமா இருக்கு?"

"ஆறு மணி பேட்ச்ல நானும் சேந்துட்டேன். முடிச்சுட்டுத்தான் இவளுகளக் கூப்பிட வாரேன்."

"நீங்களா?"

"வருசத்துக்கு ஒருக்க அங்கன வந்தா, இவளுக தண்ணிக்குள்ள கிடப்பாளுக. நான் கரையில உக்காந்து செருப்புக்குக் காவல் இருக்கணுமா?"

சங்கரி அன்று படியில் வந்து உட்கார்ந்து துண்டுகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மனதுக்குள் தீவுக்கு வந்துபோகத் தொடங்கிவிட்டார் என்று அவளுக்குப் பட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம். சந்தோஷம் வரவில்லை. [இதை நான் சேர்க்கவில்லை. அவளே சொன்னது.]

மிச்சம் இருந்தது நீலா. மிதப்பாள், காலை உதைப்பாள், மூச்சு விடும் முறையும் சரியாக வந்தது. கைவீச்சு ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் தலையைத் தூக்கி, குளத்தோரக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

"கை கால் எல்லாம் நல்லாத்தான் வருது டீச்சர்" என்றாள் சந்தனமாரி என்னிடம். "நாலாவது வீச்சுல தானா நிறுத்திருதா. பயந்த பிள்ள இப்படி எண்ணி நிறுத்தாது."

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். எண்ணுவது என் தொழில்.

5

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. எட்டடித்து விசில் ஊதியாகிவிட்டது. பிள்ளைகள் ஷவருக்கு ஓடினார்கள். சந்தனமாரி பெயர்ப் பட்டியலோடு அறைக்குள் போயிருந்தாள். ஐயம்பெருமாள் வண்டியை எடுக்கப் போயிருந்தார். நான் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தேன்.

நீலாவின் மிதவைப் பலகை கரையைவிட்டு நகர்ந்து, குளத்தின் நடுவுக்குப் போயிருந்தது. நீலா கரையில் நின்று இடமும் வலமும் பார்த்தாள். சாலையைக் கடப்பதற்கு முன்னால் பார்ப்பதைப் போல. பிறகு சத்தமில்லாமல் இறங்கி நீந்தினாள். நாலு வீச்சு, ஐந்து, எட்டு, பன்னிரண்டு. பலகையைப் பிடிக்கவில்லை. அதை மூக்கால் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாள். கண் திறந்துதான் இருந்தது. ஏறி, பலகையை அடுக்கில் வைத்துவிட்டு, ஷவருக்கு ஓடினாள்.

நான் சங்கரியைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் பார்த்திருந்தாள். துண்டின் ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"சங்கரி."

"தண்ணி இன்னைக்குச் சில்லுன்னு இருக்குமோக்கா?" என்றாள்.

நான் இறங்கிவிட்டேன். அன்று முதல் நானும் அதில் கூட்டு.

6

சங்கரி ஏன் சொல்லவில்லை?

சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஐயம்பெருமாள் வாக்குத் தவறுகிறவர் இல்லை. வண்டியிலிருந்து இறங்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். வேலையில் சேரும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொல் இரண்டு மூன்று முறை அவள் நாக்கு வரைக்கும் வந்து திரும்பியது.

ஆனால் சொன்னால், மகளுடைய பொய்யைப் பிடித்துக்கொடுத்து வாங்கிய கையெழுத்தாக அது ஆகிவிடும். ஷேர் ஆட்டோ இல்லாத ஊருக்குப் போகலாம் என்று துள்ளிய பிள்ளை அவள். இந்த ஒன்பது நாளில் அவளுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் உள்ள ஓர் அப்பா. தான் நீந்தினால் அது போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எட்டு வயதில், ஒருவரிடமும் சொல்லாமல், மூன்று வீச்சோடு தன் கையைத் தானே பிடித்து நிறுத்துகிறாள். அந்தக் கையை எப்படித் தட்டிவிடுவது?

இன்னொரு காரணமும் இருந்தது. அதை எனக்கு ரொம்பப் பிந்தித்தான் சொன்னாள். ஈரத்தலையோடு, காதில் பஞ்சோடு, அந்த மனிதர் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிப்பதை இன்னும் சில காலை பார்க்கலாம் என்று அவளுக்கே இருந்ததாம். "சேந்து வாழணும்னு இல்லக்கா. சும்மா பாக்கணும்னு."

[இந்த இடத்தில் அவர்கள் இருவரையும் சேர்த்துவைத்துவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது. ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். மாடி, மழை, ஒரே குடை. மே மாதப் பாளையங்கோட்டையில் மழை. அடித்துவிட்டேன்.]

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுப்ரஜா அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நீலா வேணும்னேதான் நிறுத்துறா. அவளுக்கு நல்லாவே தெரியும்."

"எனக்குத் தெரியும்டி."

"எப்போலேர்ந்து?"

"செவ்வாய்க்கிழமைல இருந்து."

"அப்போ நாம போறோமா இல்லையா? எனக்கு மட்டுமாவது சொல்லும்மா. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் பை சொல்லிட்டு வந்துட்டேன்."

சாவியைச் சுமந்த பிள்ளை. அவளுக்காவது ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று சங்கரி இன்றைக்கும் வருந்துகிறாள்.

7

அடுத்த காட்சியை நான் பார்க்கவில்லை. கேட்டதை வைத்து எழுதி, வரைவைச் சங்கரிக்கு ஃபோனில் அனுப்பினேன். என் வரைவில் ஐயம்பெருமாள், 'நான் தோற்றுவிட்டேன் சங்கரி' என்று கண் கலங்குகிறார். சங்கரியிடமிருந்து பதில் வந்தது: "அவர் அழல. டீதான் சொன்னார். ஆமவடை தீந்துபோச்சுன்னு வருத்தப்பட்டார்."

ஆகவே திருத்திய வடிவம்:

பதினாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கேம்ப் முடிகிறது. பிள்ளைகள் ஷவரில் இருந்தார்கள். வாசலுக்கு எதிரே டீக்கடை. ஐயம்பெருமாள் இரண்டு டீ சொன்னார். ஆமவடை கேட்டார், தீர்ந்துவிட்டிருந்தது. சங்கரி நேராகவே ஆரம்பித்தாள்.

"நீலாவுக்கு நீந்தத் தெரியும்."

"தெரியும்." அவர் டீயை ஊதினார். "வியாழக்கிழமை பாத்தேன். நான் வண்டிப் பக்கம் போயிட்டேன்னு நெனச்சு முழுசாப் போயி வந்தா."

"பிறகு ஏன் சொல்லல?"

"நீ செவ்வாய்க்கிழமையே பாத்துட்டியாம்லா. சுப்ரஜா சொன்னா. நீ ஏன் சொல்லல?"

இருவரும் டீயைக் குடித்தார்கள். ஒரு டவுன் பஸ் வந்து நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது.

"நாலு நாளா யோசிக்கேன்" என்றார் அவர். "பேசாம இருந்தா எனக்கு லாபம்தான். அவ நீந்த மாட்டா, நானும் போட வேண்டாம். ஆனா அந்தப் பிள்ள தெனமும் அங்கன நின்னு நடிச்சுட்டு, என் முகத்தப் பாக்குதா. 'அப்பா, இன்னைக்கும் வரல'ங்கா. நான், 'பரவால்லட்டி, நாளைக்கு வரும்'ங்கேன். ரெண்டு பேரும் பொய்."

"மூணாவது பொய் என்னோடது. பாத்தும் பாக்காத மாதிரி உக்காந்திருந்தேன்."

"நம்ம ரெண்டு பேரு முடிவ அவ கையில கொடுத்துட்டோம் சங்கரி. எட்டு வயசுப் பிள்ள கையில. நான்தான் கொடுத்தேன்."

"நானும் சரின்னுதானே சொன்னேன்."

அவர் கிளாஸை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "அந்தப் பேப்பரக் கொடு."

படிவங்கள் பதினாலு நாளும் அவள் கைப்பையிலேயே இருந்தன. அவர் வண்டி சீட்டைச் சட்டை நுனியால் துடைத்து, அதன்மேல் வைத்து, வழக்கம் போல இரண்டு முறை படித்தார். சுப்ரஜாவின் படிவத்தில் போட்டார். நீலாவின் படிவத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு போட்டார். மூடியைத் திருகி, பேனாவை அவளிடம் கொடுத்தார்.

"டிசம்பர்ல எனக்குப் பத்து நாள் லீவு உண்டு" என்றார்.

"வாங்க" என்றாள் சங்கரி.

8

அவர்கள் போனார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். போனார்கள். இதை மறைத்துவைத்துக் கதையை நடத்த எனக்கு விருப்பமில்லை. பாஸ்போர்ட் வர ஒரு மாதம், மற்றக் காகிதங்களுக்கு இன்னும் கொஞ்சம். ஜூலைக் கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். ஐயம்பெருமாள் வேன் பிடித்து அங்கு வரை கூட வந்தார். தீவில் சுப்ரஜாவுக்கு முதல் இரண்டு வாரம் யாரோடும் ஒட்டவில்லை. சங்கரிக்கு மீன் சமைக்கத் தெரியாதது பெரிய குறையாக இருக்கிறது. சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண் என்றால் அங்கே யாருக்கும் விளங்கவில்லை. வீட்டுச் சாவி இப்போது சுப்ரஜாவிடம் இல்லை. கதவைப் பூட்டுவதே இல்லையாம்.

நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆனால் கதை அதுவல்ல. பதினைந்தாம் நாளில்தான் இருக்கிறது.

9

பதினைந்தாம் நாளுக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் நீலா இருபத்தைந்து மீட்டரையும் நீந்துகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஒரு புறா பறக்கி

இரண்டாவதில் அவள் தண்ணீரில் இறங்கவே மறுக்கிறாள். கரையில் உட்கார்ந்து காலை மட்டும் ஆட்டுகிறாள். இது கொஞ்சம் பிடித்திருந்தது. ஆனால் நான் இதை எழுதியது அது நடந்ததால் அல்ல, மற்றதைவிட நாகரிகமாகத் தெரிந்ததால்தான்.

மூன்றாவதில் பாதி தூரம் நீந்தி நடுவில் நின்றுவிடுகிறாள். கணித டீச்சர் ஒருத்தி வேறு வழி தெரியாமல் இரண்டால் வகுத்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

நடந்தது இது.

காலை ஏழே முக்கால். கடைசி நாள் என்பதால் சந்தனமாரி பெற்றோரைக் குளத்தின் கரை வரை விட்டாள். நான் பெற்றோர் இல்லை, என்றாலும் போனேன். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நீந்தி முடித்துவிட்டார்கள். நீலா தொப்பியை இழுத்துவிட்டபடி கரையில் நின்றாள். ஐயம்பெருமாள் அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி நீலா, அப்பா நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்."

நீலா அம்மாவைப் பார்த்தாள். சங்கரி தலையசைத்தாள்.

"இன்னைக்கு நீ நீந்தினாலும் ஒண்ணுதான், நீந்தாட்டாலும் ஒண்ணுதான். நீ அதப் போட்டு மனசுல வச்சுக்கிடாத. டிசம்பர்ல அப்பா அங்கன வருதேன்."

தனக்கு நீந்தத் தெரியும் என்பது இவர்களுக்குத் தெரியும் என்று நீலாவுக்கு அந்த நொடியில் தெரிந்தது. அதை நான் பார்த்தேன். முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று சங்கரி ஓர் அடி முன்னால் வைத்தாள். சுப்ரஜா அம்மாவின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

நீலா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அப்போ யாரும் பாக்கக் கூடாது" என்றாள்.

"என்னது?"

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. மிஸ் மட்டும் இருக்கட்டும். நீங்களும்தான் ஆன்ட்டி."

ஆன்ட்டி என்றது என்னைத்தான்.

திரும்பிக்கொண்டோம். ஐயம்பெருமாள், சங்கரி, சுப்ரஜா, நான், நாலு பேரும் வரிசையாக, குளத்துக்கு முதுகைக் காட்டி. எங்களுக்கு எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு மதில். அதற்கு மேலே வாகைமரக் கிளை. மதிலுக்கு அப்பால் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை. சங்கரியின் கை ஒருதரம் ஐயம்பெருமாள் பக்கமாக அசைந்து நின்றது. அவர் கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார். அவ்வளவு தேவையில்லை. ஆனால் எந்தக் காரியத்தையும் இரண்டு முறை செய்கிறவர்.

பின்னால் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தம். கரையில் உட்கார்ந்து காலால் அளைந்தாலும் அப்படித்தான் கேட்கும். நீந்தினாலும் அப்படித்தான் கேட்கும். நான் எண்ண ஆரம்பித்தேன். பிறகு எண்ணக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். அதுவும் பார்ப்பதுதானே.

வெகு நேரம் கழித்தா, கொஞ்ச நேரத்திலா, சொல்லத் தெரியவில்லை, "இப்போ திரும்பலாம்" என்றது அவள் குரல். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். தலை நனைந்திருந்தது. அது கரைக்கு வருமுன் எல்லாப் பிள்ளைகளையும் போல ஷவரிலேயே நனைந்ததுதான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐயம்பெருமாள், "இட்லியா, தோசையா?" என்றார். "தோசை" என்றாள் நீலா.

மறுவாரம் நான் சந்தனமாரியிடம் கேட்டேன். எனக்கு வெட்கமில்லை, கதை எழுதுகிறவளுக்கு இருக்கவும் கூடாது. அவள் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "சொல்லக் கூடாதுன்னு பாப்பா சொல்லிருக்கா டீச்சர்" என்றாள்.

இந்த வரைவைச் சங்கரிக்கு அனுப்பியிருக்கிறேன். தீவில் நீலா தினமும் கடலில் கிடக்கிறாள் என்று அவள் எழுதினாள். அது ஆகஸ்டின் செய்தி. அன்றைய காலைக்கு அது சாட்சி ஆகாது. அன்று அவள் நீந்தினாளா என்று சங்கரி இதுவரை மகளைக் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை என்கிறாள்.

விடை எழுதாமல் தாளைக் கொடுக்கும் மாணவிகளிடம் நான் கடுமையாக இருப்பவள். என்றாலும் இதை இப்படியேதான் கொடுக்கிறேன். உங்களுக்கு ஒரு முடிவு வேண்டியிருக்கும். மேலே மூன்று கிடக்கின்றன, நாலாவதும் உங்களால் முடியும். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி தண்ணீருக்கு முன்னால் நிற்கிறாள். யாருக்காகவும் இல்லாமல், முதல்முறையாக. எங்களோடு வந்து வரிசையில் நில்லுங்கள். மதிலைப் பாருங்கள். வாகைக் கிளையைப் பாருங்கள்.

அவள் சொல்லும்வரை திரும்ப வேண்டாம்.